புதுப்பிப்பு: தில்லன் 550-இல் பவுடர் அளவு ஏறி இறங்கும் சிக்கல்

தோட்டாக்களை நாமே நிரப்பிக்கொள்ளும் கருவியான தில்லன் 550-இல், 9 மி.மீ. தோட்டாவுக்கு விழும் பவுடர் (வெடிமருந்து) 0.3 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) வரை ஏறி இறங்குவதாக முன்பு எழுதியிருந்தேன். இப்போது 0.1-க்குள் நிற்கிறது.

முதல் காரணம், தோட்டா உறையின் வாயை விரித்து அதற்குள் பவுடரை இறக்கும் டை என்ற உறுப்பின் உயரம். கேஸ் (தோட்டாவின் வெற்று உறை) மேலேறும்போது, பவுடரை அளந்து கொட்டும் பவுடர் பார் முழுத் தூரமும் நகர வேண்டும். டை கொஞ்சம் உயர்ந்திருந்தாலும் பார் பாதியில் நிற்கும், அளவு குறையும். எனவே கேஸ் வாய் விரிவை முதலில் சரிசெய்து டையை இறுக்கிவிட்டு, அதன் பிறகே பவுடர் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகைத் தொடுங்கள். திரும்பி வரும் பக்கமும் முக்கியம்: பாரைத் திரும்ப இழுக்கும் ஃபெயில்சேஃப் கம்பியின் நட்டு தளர்ந்திருந்தால் பார் முழுதாகத் திரும்பாது, அடுத்த கேஸுக்குக் குறைவாகவோ வெறுமையாகவோ போகும்.

அந்தத் திருகைத் திருப்பி அளவை மாற்றியதும் விழும் முதல் சில அளவுகளை ஹாப்பரிலேயே (பவுடர் நிரப்பும் கலம்) திரும்பக் கொட்டுங்கள். பிறகு பத்து அளவுகளைச் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி கிடைக்கும். வேறுபாடு தெரிய ஒவ்வொன்றாகவும் நிறுக்க வேண்டும். தராசைச் சோதனை எடைக்கல்லால் முன்பே சரிபாருங்கள். ஹாப்பர் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். உருண்டைப் பவுடர் சீராக இறங்கும், நீளக்குச்சிப் பவுடர் புனலில் அடைத்துக்கொள்ளும்.

550-இல் கேஸ்களைத் தாங்கும் தட்டைக் கையால்தான் சுழற்ற வேண்டும், ஆகவே இரட்டை அளவு விழ வாய்ப்புண்டு. குண்டு வைக்குமுன் ஒவ்வொரு கேஸுக்குள்ளும் எட்டிப் பாருங்கள். எத்தனை கிரெயின் என்பதைப் பவுடர் நிறுவனத்தின் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுங்கள்.