கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குக் கிராபிக்ஸ் கார்ட்: பாவித்த 3060 12 ஜிபியா, புது 4060 8 ஜிபியா?

உப்புவெளி_வீடியோ

வணக்கம். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து வீட்டிலேயே எடிட் செய்கிறேன். கணினி ஐ5-10400, 32 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்ட் (ஜிபியு) ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, அதன் மெமரி 4 ஜிபி. மென்பொருள் டாவின்சி ரிசால்வ் ஸ்டூடியோ.

போன கிழமை நிலாவெளியில் ஒரு கல்யாணம். இரவு ஊர்வலத்துக்குப் பந்தல் விளக்கு மட்டும்தான் வெளிச்சம். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது. 4கே டைம்லைனில் டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷன் (புள்ளியை நீக்கும் வசதி) போட்டு ரெண்டர் கொடுத்தேன். 63 சதவீதத்தில் 'ஜிபியு மெமரி நிறைந்துவிட்டது' என்று செய்தி வந்து நின்றது. மூன்று தடவையும் அதே இடம். மாப்பிள்ளையின் அக்கா கனடாவுக்குத் திரும்ப இரண்டு நாள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் நாய்ஸ் ரிடக்ஷனை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். சேலைக் கரையின் சரிகை எறும்பு ஊர்வது போலத் தெரிகிறது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை.

கொழும்பில் ஒருவர் பாவித்த ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி தருகிறார். கடையில் புது 4060 8 ஜிபி வாரண்டியோடு இருக்கிறது. இரண்டுக்கும் காசு கிட்டத்தட்ட ஒன்றுதான். 3060க்கு 3584 கூடா கோர் (கணக்குப் போடும் அலகு), 4060க்கு 3072. பாண்ட்வித் (மெமரியில் தரவு போய்வரும் வேகம்) வினாடிக்கு 360 ஜிபி, 272 ஜிபி. தாளில் பழையதுதான் பெரிது. ஆனால் பார்க்கும் சோதனை வீடியோ எல்லாவற்றிலும் 4060தான் முந்துகிறது. எதை நம்புவது? பவர் சப்ளை 550 வாட். அறையில் ஏசி இல்லை.

கன்னியா_கேமர்

யோசிக்க வேண்டாம் அண்ணா, 4060 எடுங்கள். 3060 170 வாட் இழுக்கும், இது 115தான். விளையாட்டில் இடை ஃபிரேம்களைத் தானே உருவாக்கும் என்விடியாவின் ஃபிரேம் ஜெனரேஷனும், வீடியோவைச் சுருக்கும் ஏவி1 என்கோடரும் 3060இல் கிடையாது. நம்முடைய வெயிலில், கதவு மூடிய அறையில், 55 வாட் குறைவது பெரிய விஷயம். புதுச் சாமான், வாரண்டியும் இருக்கிறது.

திருமலை_ரிப்பேர்

கன்னியாத் தம்பி சொன்ன எண் எல்லாம் சரி. விளையாடத்தான் கார்ட் என்றால் நானும் அதையே சொல்வேன்.

முதலில் உப்புவெளித் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். 3060 ஆம்பியர் என்ற தலைமுறை, 2021இல் வந்தது. 4060 ஏடா லவ்லேஸ், 2023. முதலாவதின் பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ், மற்றதற்கு 2460. கோரையும் வேகத்தையும் பெருக்கி, சுற்றுக்கு இரண்டு கணக்கு என்று இரட்டித்தால் 3060க்கு 12.7 டெராஃப்ளாப்ஸ் (வினாடிக்கு இத்தனை லட்சம் கோடி கணக்கு), 4060க்கு 15.1. பாண்ட்விதும் அப்படித்தான். 3060இன் எல்2 கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள சிறு மெமரி) 3 எம்பி, 4060க்கு 24 எம்பி. அடிக்கடி கேட்கும் தரவு சிப்புக்குள்ளேயே இருந்தால் ஒவ்வொரு தடவையும் மெமரிக்குப் போய்வரத் தேவையில்லை. நீங்கள் பார்த்த சோதனைகள் பொய்யில்லை.

ஆனால் உங்கள் ரெண்டர் வேகம் போதாமல் நிற்கவில்லை, இடம் போதாமல் நின்றது. கார்ட் மெதுவென்றால் ரெண்டரைப் போட்டுவிட்டுப் படுக்கலாம், விடியும்போது முடிந்திருக்கும். இடம் இல்லையென்றால் விடிந்தாலும் 63தான்.

கணக்கைப் பாருங்கள். 4கே ஃபிரேம் ஒன்றில் 3840க்கு 2160, ஏறக்குறைய 83 லட்சம் புள்ளி. ரிசால்வ் ஒவ்வொரு நிறத்தையும் 32 பிட்டில் வைத்துக் கணக்குப் பார்க்கும். மூன்று நிறத்துக்கும் சேர்த்தால் ஒரு ஃபிரேமே 100 எம்பி. டெம்போரல் நாய்ஸ் ரிடக்ஷன் முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களைப் பார்த்துத்தான் புள்ளியை நீக்கும். பக்கத்துக்கு ஐந்து என்று வைத்திருந்தால் 11 ஃபிரேம், அதுவே 1.1 ஜிபி. இடையில் நடக்கும் கணக்கு, கலர் நோட்கள், விண்டோஸ் எடுத்துக்கொள்வது எல்லாம் அதற்கு மேலே. 4 ஜிபி எங்கே காணும்! 8 ஜிபியில் இந்தக் கல்யாணம் முடிந்துவிடும். இன்னொரு எஃபெக்ட் சேர்த்தால் மறுபடி இறுகும். உங்கள் வேலைக்கு நான் 12 ஜிபி பக்கம்தான்.

பழையதில் மெமரி அதிகமாகவும் புதியதில் குறைவாகவும் இருப்பது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். மெமரி சிப் ஒன்றுக்கு 32 பிட் பாதை. 3060க்கு 192 பிட், அதனால் ஆறு சிப். 4060க்கு 128, அதனால் நாலு. சிப் ஒன்றுக்கு 2 ஜிபி.

இன்னொன்று, ஐ5-10400 பிசிஐஇ (கார்டைக் கணினியோடு இணைக்கும் பாதை) 3.0 மட்டும்தான். 3060 16 லேனையும் பாவிக்கும். 4060க்கு எட்டே எட்டு. மெமரி நிரம்பி ராமுக்குத் தரவு போய்வரத் தொடங்கினால் அந்தப் பாதி அகலம் நன்றாகவே உறைக்கும்.

கரண்ட் பில்லையும் மறைக்க மாட்டேன். முழுச் சுமையில் நாளுக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால், 55 வாட் வித்தியாசம் மாதத்துக்குப் பத்து அலகு வரும். அறையும் சூடாகும். கேசிங்கின் முன்பக்கம் ஒரு ஃபேன் கூடப் போடுங்கள். பவர் சப்ளை இரண்டுக்குமே போதும்.

உப்புவெளி_வீடியோ

இப்போதுதான் விளங்குகிறது அண்ணா. பாவித்தது என்பதுதான் பயம். எதைப் பார்த்து வாங்குவது?

திருமலை_ரிப்பேர்

முதலில் ஜிபியு-இசட் (கார்டின் விவரம் காட்டும் மென்பொருள்) போட்டு, 12288 எம்பி, 192 பிட் என்று இரண்டும் காட்டுகிறதா பாருங்கள். 3060 என்ற அதே பெயரில் 128 பிட், 8 ஜிபி கார்டும் பின்னால் வந்தது. பெட்டியை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள்.

அடுத்தது உப்புக்காற்றின் அரிப்பு. விற்பவர் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். வெள்ளவத்தையில் கடலோரம் என்றால் அதுவும் நம்முடைய காற்றுதான். சாம்பல்தீவில் இருந்து ஒரு கார்ட் வந்தது. மேலே பளபளப்பு. டார்ச் அடித்து ஃபேன் இதழுக்கிடையில் பார்த்தால், அலுமினியத் தகட்டின் ஓரம் முழுக்க வெள்ளைப் பொடி. ஹீட்சிங்க் திருகைக் கழற்றப் போனேன், தலை உதிர்ந்து கையோடு வந்தது. எச்டிஎம்ஐ வாயின் உள்ளே பச்சை. அப்படி ஒன்றைக் கண்டால் எவ்வளவு குறைத்துத் தந்தாலும் வேண்டாம்.

பிறகு அரை மணித்தியாலம் முழுச் சுமையில் ஓடவிடுங்கள். ஜிபியு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பில் மிகச் சூடான இடம்) இடையில் வித்தியாசம் 20 பாகைக்கு மேல் போனால், சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கும். அது மாற்றக்கூடியது, விலையைக் குறைக்கக் கேளுங்கள். ஃபேன் கரகரத்தால் அதற்கும் சேர்த்துக் கேளுங்கள்.

உப்புவெளி_வீடியோ

சரி அண்ணா. வெள்ளிக்கிழமை இரவு ரயிலில் அவரே திருமலைக்கு வருகிறாராம், கார்டையும் கொண்டுவருகிறார். காசு கொடுக்க முன் உங்களிடம் கொண்டுவரலாமா?

திருமலை_ரிப்பேர்

கொண்டுவாருங்கள். அந்த ஊர்வலக் கிளிப்பையும் புரொஜெக்ட்டையும் பென் டிரைவில் போட்டு வாருங்கள். 63 தாண்டுகிறதா என்று அதிலேயே ஓட்டிப் பார்ப்போம்.