டெக்சாஸில் கைபேசிப் பந்தயம்: அனுமதிக்கலாமா, கூடாதா?

ராகவன், ஹூஸ்டன்

2027 ஜனவரியில் டெக்சாஸ் சட்டமன்றம் மறுபடி கூடுகிறது. விளையாட்டுப் பந்தயப் பேச்சும் மறுபடி எழும் என்றுதான் நினைக்கிறேன். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ஆம் ஆண்டின் தடைச் சட்டத்தை ரத்து செய்து, முடிவை மாநிலங்களிடம் விட்டது. இப்போது ஏறத்தாழ 40 மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் அனுமதித்துவிட்டன. இங்கே 2023-ல் பந்தயத்தை அனுமதிக்கக் கீழவை நிறைவேற்றிய தீர்மானம் மேலவையான செனட்டில் செத்துப்போனது.

என் கருத்து: அனுமதித்து, கறாராக ஒழுங்குபடுத்த வேண்டும். இங்கிருந்து ஐ-10 சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி சபீன் ஆற்றைத் தாண்டினால் லூசியானா மாநிலம். அங்கே 2022 ஜனவரியிலிருந்து போனிலேயே பந்தயம் கட்டலாம். அமெரிக்க ஃபுட்பால் சீசனில் எல்லை தாண்டியதும் வரும் கேஸ் ஸ்டேஷனில் (பெட்ரோல் பங்க்), டெக்சாஸ் நம்பர் பிளேட் கார்களுக்குள் ஆட்கள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். பணம் நம் மக்களுடையது, வரி அவர்களுக்கு. அவ்வளவு தூரம் போகாதவர்கள் வெளிநாட்டுத் தளங்களில் கட்டுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் பையன் ஒருவன் 4,000 டாலர் ஜெயித்தான். எடுக்கப் போனபோது கணக்கையே முடக்கிவிட்டார்கள். அவன் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பான்?

மீனா, நியூ ஜெர்சி

ராகவன் அண்ணா, நீங்கள் கேட்கும் அந்த ஒழுங்குபடுத்தப்பட்ட ஊரில்தான் நான் இருக்கிறேன். இங்கே 2018-லேயே வந்துவிட்டது. என் தம்பி பயன்படுத்தியது உரிமம் வாங்கிய ஆப். வயதுச் சான்று, வரி எல்லாம் சரியாக இருந்தது.

2020 ஊரடங்கில் பெரிய ஆட்டங்கள் எல்லாம் நின்றுபோயிருந்தன. இவன் விடியற்காலை 3 மணிக்குக் கிழக்கு ஐரோப்பாவில் யாரோ இரண்டு பேர் ஆடும் டேபிள் டென்னிஸில் பணம் கட்டிக்கொண்டிருந்தான். ஆடுகிறவர்களின் பெயர்கூடத் தெரியாது. அடுத்த பாயின்ட் யாருக்கு என்பதற்குப் பணம்! சாப்பிட உட்கார்ந்தால் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைப்பான். அது அதிர்ந்ததும் பிசைந்துகொண்டிருக்கும் கை அப்படியே நின்றுவிடும். ஒருமுறை இரண்டு வாரம் நிறுத்தினான். உடனே இலவசப் பந்தயம் ஒன்று கணக்கில் வந்து விழுந்தது. அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் பெயர் சொல்லி நலம் விசாரித்து மெசேஜ் அனுப்பினார். ஐந்து கார்டுகளில் கடன் இருந்தது அவன் மனைவிக்கே வீட்டுக் கடன் நிராகரிக்கப்பட்ட அன்றுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டோடு முடிகிற கதை இல்லை இது. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள இரண்டு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், பந்தயத்தை அனுமதித்த மாநிலங்களில் மக்களின் கிரெடிட் ஸ்கோர் இறங்கியிருந்தது. ஆன்லைனில் அனுமதித்த இடங்களில் திவால் மனுக்களும் கூடியிருந்தன.

ராகவன், ஹூஸ்டன்

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது மீனா. தம்பி இப்போது எப்படி இருக்கிறார்?

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பேஸ்பால் வீரர் ஒஹ்தானியின் மொழிபெயர்ப்பாளர், பேஸ்பால் பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஒஹ்தானியின் வங்கிக் கணக்கிலிருந்து ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலரைத் திருடிச் சூதில் விட்டார். நடந்தது பந்தயத்துக்கு அனுமதி இல்லாத கலிஃபோர்னியாவில், சட்டவிரோத புக்கியிடம், அதாவது பந்தயப் பணம் வாங்கும் தரகரிடம். கையில் காசு இல்லாதபோதும் புக்கி கடனுக்கு எழுதிக்கொண்டே போனான். வரம்பு வைக்கச் சொல்ல அங்கே யார் இருந்தார்கள்?

செல்வம், கேட்டி

பதினாலு வருடமாக கேஸ் ஸ்டேஷன் நடத்துகிறேன். மாநில அரசின் ஸ்கிராட்ச் லாட்டரி டிக்கெட் என் கடையிலும் விற்கிறது, மறைக்கவில்லை. ஒரு பெரியவர் மாதம் பிறந்ததும் வருவார். கல்லா முன்னாலேயே நின்று 25 சென்ட் காசால் சுரண்டுவார். 5 டாலர் விழுந்தால் அதற்கும் டிக்கெட்டே வாங்குவார். ஒரு கட்டத்தில் நான் "இன்றைக்குப் போதும் சார், வீட்டுக்குப் போங்கள்" என்பேன், பாதி நாள் கேட்பார். ராத்திரி 11 மணிக்குக் கடையும் மூடிவிடும்.

என் அப்பா விருதுநகரில் சம்பள நாளன்று லாட்டரிச் சீட்டோடுதான் வீட்டுக்கு வருவார். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகுதான் அம்மா கையில் முழுச் சம்பளம் வந்தது. அதனால் என் ஓட்டு மீனா பக்கம்.

கார்த்திக், ஆஸ்டின்

தடை இருக்கிறது என்று நினைத்துத்தான் எல்லோரும் பேசுகிறீர்கள். கால்ஷி மாதிரி கணிப்புச் சந்தைகள், அதாவது எது நடக்கும் என்று ஊகித்துப் பணம் போடும் தளங்கள், ஆட்ட முடிவுகளை ஒப்பந்தம் என்ற பெயரில் டெக்சாஸிலும் விற்கின்றன, 18 வயதானால் போதும். எதிர்கால ஒப்பந்த வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையத்தின் கீழ் வருவதால் மாநிலம் எங்களைத் தொட முடியாது என்பது அவர்கள் வாதம். அப்படியிருக்க, டெக்சாஸ் எதைத் தடுத்து வைத்திருக்கிறது?

மீனா, நியூ ஜெர்சி

அந்தச் சந்தைகளையும் தடுக்க வேண்டும் என்பதுதான் என் பதில்.

வரி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் 2022-ல் 51 சதவீத வரியோடு தொடங்கியது. ஆண்டுக்கு 80 கோடி டாலருக்கு மேல் வருகிறது. பந்தய அடிமைத்தனத்துக்கு அதிலிருந்து ஒதுக்குவது 60 லட்சம் டாலர். நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. இவ்வளவு வருமானத்துக்குப் பழகிய அரசு, மக்கள் குறைவாகக் கட்ட வேண்டும் என்று எப்படி நினைக்கும்? கலிஃபோர்னியாவில் 2022-ல் கம்பெனிகள் கோடி கோடியாக விளம்பரத்தில் கொட்டியும், ஆன்லைன் பந்தயத்தை வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றார்கள். அந்த மக்கள் செய்ததுதான் சரி.

ராகவன், ஹூஸ்டன்

நியூயார்க் கணக்கு எனக்கும் உறுத்துகிறது. சரி, என் தொகுதி உறுப்பினருக்கு நான் எழுதப் போவது இது. மாசசூசெட்ஸ் செய்தது போல கிரெடிட் கார்டு கூடாது. அடுத்த பாயின்ட், அடுத்த பந்து மாதிரிப் பந்தயங்கள் கூடாது. நிறுத்தியவனைத் தேடிப்போய் இலவசம் கொடுத்தால் உரிமம் ரத்து. மாத உச்சவரம்பு ஆப்பில் அல்ல, சட்டத்தில் இருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத மசோதா மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தால் நானும் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன்.

மீனா, நியூ ஜெர்சி

அந்த நான்கோடு ஒரு மசோதா வரட்டும், படித்துவிட்டுப் பேசுகிறேன். இதுவரை எந்த மாநிலத்திலும் நான் பார்க்கவில்லை.

தம்பியைக் கேட்டீர்களே அண்ணா. பந்தயத்தை விட்டுப் பதினாலு மாதம் ஆகிறது. சம்பளம் நேராக அவன் மனைவி கணக்குக்குப் போகிறது. கையில் பட்டன் போன். போன ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிட்டான், இரண்டு தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டான்.