பழைய டெஸ்க்டாப் கேஸுக்கு வீட்லயே பெயின்ட் அடிக்கணும், எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பழையபெட்டி:
மக்களே வணக்கம். என்கிட்ட ஒரு பழைய டவர் கேஸ் இருக்கு, ஏடிஎக்ஸ் (போர்டும் பவர் சப்ளையும் உக்கார்ற பொதுவான அளவு) தான், அந்தக் காலத்து க்ரீம் கலர், முன்பக்க பிளாஸ்டிக் மட்டும் நல்லா மஞ்சளாயிடுச்சு. தகடு செம கனம், சைடு டோரைத் தட்டினா கணீர்னு சத்தம் வரும், இப்ப வர்ற மெல்லிசு கேஸ் மாதிரி அமுக்கினா உள்ள போகாது, அதனால தூக்கிப்போட மனசே வரல. உள்ள புது மதர்போர்டு போட்டு தினமும் யூஸ் பண்ற மெஷினா ஆக்கணும்னு ஆசை. வெளிய கரும்பச்சை, உள்ள மேட் கருப்பு. ஸ்ப்ரே கேன்லதான் அடிக்கப்போறேன், கம்ப்ரஸர், கன் எல்லாம் கிடையாது.

பழைய பெயின்ட்டை மொத்தமா சுரண்டி தகடு தெரியற வரைக்கும் தேய்க்கணுமா, இல்ல மேலாப்புல தேய்ச்சா போதுமா? பிளாஸ்டிக்குக்கும் அதே பெயின்ட் ஒட்டுமா? பின்னாடி 80 மிமீ ஃபேனுக்குத்தான் இடம் இருக்கு, மேல வெட்டி ஒரு 120 போடலாமா? நான் யோசிக்காத விஷயம் எதாவது இருந்தாலும் சொல்லுங்க.

உப்புத்தாள்:
சுரண்டவே சுரண்டாதீங்க ப்ரோ. ஃபேக்டரில சூடேத்தி இறுக வச்ச பெயின்ட் அது, உரியாம இருந்தா அதைவிட நல்ல அடித்தளம் நமக்கு ஸ்ப்ரே கேன்ல கிடைக்காது. அந்த பளபளப்பு செத்து மேல்புறம் முழுக்க ஒரே மாதிரி மங்கலாகற வரைக்கும் 320 நம்பர் உப்புத்தாள்ல தேய்ங்க, அப்புறம் 400ல ஒரு தடவை, அவ்வளவுதான். துரு பிடிச்ச இடம், பெயின்ட் பொரிஞ்சு நிக்கிற இடம் மட்டும் தகடு வரைக்கும் போகணும். பெரும்பாலான கேஸ் தகடு துத்தநாகம் பூசினதா இருக்கும், அந்த பூச்சு மேல சாதா எனாமல் பெயின்ட்டை நேரா அடிச்சா முதல்ல ஒட்டின மாதிரி இருந்துட்டு கொஞ்ச மாசத்துல செதில் செதிலா உரியும், அதனால வெறும் தகடு தெரியற இடத்துக்கெல்லாம் உலோகத்தை லேசா அரிச்சுப் பிடிச்சுக்கற செல்ஃப் எட்ச் ப்ரைமர் ஒரு மெல்லிசு கோட் கட்டாயம்.

ஆனா தேய்க்கிறதுக்கு முன்னாடி கழுவணும், இதைத்தான் எல்லாரும் மாத்தி செய்றாங்க. பல வருஷ கை எண்ணெய், தூசி, ஸ்டிக்கர் பசை எல்லாம் இருக்கும், அதோட தேய்ச்சா உப்புத்தாள் அந்த எண்ணெயைக் கீறலுக்குள்ள அமுக்கி விட்டுடும், அப்புறம் பெயின்ட் அங்க மட்டும் மீன் கண்ணு மாதிரி குழி விழும். பாத்திரம் கழுவற சோப்பு போட்டு முதல்ல ஒரு கழுவு, தேய்ச்சு முடிச்சு இன்னொரு கழுவு, நல்லா காஞ்சதும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சிட்டு அதுக்கப்புறம் கையுறை இல்லாம தொடாதீங்க. முன்னாடி ஒட்டியிருக்கிற கம்பெனி பேட்ஜ் வேணும்னா ஹேர் ட்ரையர்ல லேசா சூடு காட்டி, பல் இடுக்குல விடற நூலை பேட்ஜுக்கு அடியில ரம்பம் மாதிரி இழுத்தா கீறல் இல்லாம வந்துடும்.

பிளாஸ்டிக் அனேகமா ஏபிஎஸ்ங்கிற வகைதான். மஞ்சளானது பிரச்சினையே இல்ல, பெயின்ட் மூடிடும். 400, 600 போட்டு தேய்ச்சு, பெயின்ட் ஒட்டறதுக்காக பிளாஸ்டிக்குக்குன்னே வர்ற அட்ஹீஷன் ப்ரமோட்டர் ஒரு கோட் அடிச்சிட்டு அதே கலரை அடிக்கலாம். பிளாஸ்டிக்கை தின்னர், அசிட்டோன்ல மட்டும் துடைச்சிடாதீங்க, ஏபிஎஸ் கரைஞ்சு பிசுபிசுன்னு ஆயிடும்.

திருப்புளி:
பெயின்ட் விஷயம் மேல சொன்னவரே சொல்லிட்டாரு, நான் கரன்ட் பக்கம் சொல்றேன், இது ரொம்ப முக்கியம். பெயின்ட் கரன்ட்டைக் கடத்தாது. போர்டு உக்கார்ற பித்தளை ஸ்டாண்டாஃப் (குட்டிக் கால்), அது திருகற ஓட்டை, பவர் சப்ளை பின்னாடி ஒட்டி நிக்கிற தகடு, போர்டோட சாக்கெட் எல்லாம் வெளிய தெரியற பின்பக்க ஐஓ பிளேட் கவ்வற விளிம்பு, இங்கெல்லாம் உலோகம் உலோகத்தைத் தொடணும். கேஸுக்கு எர்த் வர்றதே பவர் சப்ளையோட பாடி வழியாத்தான். உள்ள முழுக்க கருப்பு அடிச்சு இதையெல்லாம் மூடிட்டா எர்த் ஸ்க்ரூ மரையை நம்பித்தான் நிக்கும், அது சில சமயம் தொடும் சில சமயம் தொடாது. அதனால அந்த இடங்களுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு அடிங்க, இல்ல அடிச்சு முடிச்சு சுரண்டி விடுங்க. மல்டிமீட்டர் இருந்தா கடைசியில பவர் சப்ளை பாடிக்கும் போர்டு ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடுவுல பஸ்ஸர் கத்துதான்னு பாருங்க, கத்தினா இணைப்பு இருக்குன்னு அர்த்தம்.

டோர் சறுக்கி உள்ள போற தண்டவாளத்துக்கும் கொக்கிக்கும் பெயின்ட் வேண்டாம். ஒவ்வொரு கோட்டும் கொஞ்சம் கனம் ஏத்தும், அப்புறம் டோர் இறுகி முதல் தடவை இழுக்கும்போதே விளிம்புல பெயின்ட்டு பேந்துடும். ஸ்க்ரூ மரைக்குள்ள பழைய ஸ்க்ரூ ஒண்ணை திருகி வச்சிட்டு அடிச்சா மரை சுத்தமா இருக்கும்.

இதைப் படிக்கிற வேற யாராவது ஏடிஎக்ஸ்க்கு முந்தின ஏடி கேஸ் வச்சிருந்தா அவங்களுக்காக ஒண்ணு, அந்த கேஸ்ல முன்னாடி இருக்கிற பெரிய ஸ்விட்சுக்கு வர்ற தடி வயர்ல நேரா மெயின்ஸ் கரன்ட்டே வருது. ப்ளக்கைப் பிடுங்கிட்டுத்தான் கை வைக்கணும். ஏடிஎக்ஸ்ல முன் ஸ்விட்ச் சின்ன வோல்டேஜ்தான், பயமில்ல. எந்த கேஸா இருந்தாலும் பவர் சப்ளை டப்பாவுக்கு மட்டும் பெயின்ட் அடிக்க ஆசைப்பட்டு திறக்காதீங்க, ப்ளக் பிடுங்கினப்புறமும் உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும்.

பழையபெட்டி:
ரொம்ப நன்றி அண்ணா, எர்த் விஷயம் என் கணக்குலயே இல்ல, உள்ள முழுக்க அடிக்கிறதாத்தான் இருந்தேன். உள்கூடு ரிவெட் அடிச்சு இணைச்சிருக்கு, அதைக் கழட்டாம மூலை முடுக்கெல்லாம் சரியா அடிக்க முடியுமா? அப்புறம் ஸ்ப்ரே வழியாம அடிக்க வழி சொல்லுங்க.

உப்புத்தாள்:
ரிவெட்டைக் கழட்டிடறது நல்லது, பாக்க பயமா இருக்கும் ஆனா சுலபம்தான். அனேகமா 3.2 மிமீ பிட் சரியா இருக்கும், ரிவெட் தலையை மட்டும் துளைச்சா தொப்பி மாதிரி கழண்டு வந்துடும், மிச்சத்தைப் பின்னாடி தட்டி விடலாம். திரும்ப மாட்ட பாப் ரிவெட் கன் வேணும், இல்லன்னா சின்ன போல்ட் நட்டு போட்டாலும் நிக்கும், அடுத்த தடவை கழட்டறதுக்கும் வசதி.

வழியறதுக்கு ஒரே காரணம் அவசரம். கேனை உள்ள குண்டு உருள்ற சத்தம் வந்தப்புறமும் ஒரு ரெண்டு நிமிஷம் குலுக்கி, 20லேர்ந்து 30 செமீ தள்ளி நின்னு, தகடுக்கு வெளியவே அழுத்த ஆரம்பிச்சு தகடைத் தாண்டினப்புறம் விடுங்க, மூலையில நிறுத்தி திருப்பினா அங்கதான் திட்டா சேரும். முதல் கோட்டு பாத்தா பழைய கலர் தெரியும், பனி படிஞ்ச மாதிரி இருக்கும், அதுதான் சரி. அதை மூடணும்னு அங்கேயே ரெண்டாவது தடவை போனா வழிஞ்சிடும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல எவ்வளவு நேரம்னு கேன்லயே போட்டிருப்பான், அதைக் கண்டிப்பா படிங்க, சில எனாமல் ஒரு மணி நேரத்துக்குள்ள அடிக்கணும், இல்லன்னா ஒரு நாள் ரெண்டு நாள் தாண்டி அடிக்கணும், நடுவுல அடிச்சா கீழ் கோட்டு சுருங்கி தோல் மாதிரி ஆயிடும். கடைசியா மேல அடிக்கிற நிறமில்லாத கிளியர் கோட்டும் கலரோட அதே வகையா இருக்கட்டும், எனாமல் மேல லாக்கர்ங்கிற வேற வகை அடிச்சாலும் இதே கதைதான். மழை ஈரம் இருக்கிற நாள்ல அடிக்காதீங்க, வெள்ளையா பூத்துடும். அப்படியே வழிஞ்சாலும் ஈரத்துல தொடாம காய விட்டு 600 வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு சமம் பண்ணிட்டு அடுத்த கோட்டு போடலாம்.

மாஸ்க் விஷயத்துல சமாதானமே வேண்டாம். தேய்க்கும்போது தூசிக்கு என்95 போதும், ஸ்ப்ரேக்கு அது பத்தாது, ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டற ரெஸ்பிரேட்டர் வேணும். திறந்த வெளியில அடிங்க, பக்கத்துல அடுப்பு, விளக்கு எதுவும் எரியக்கூடாது, கேன்லேர்ந்து வர்ற வாயுவே தீப்பிடிக்கிற வாயு.

காத்தாடி:
120 ஃபேன் கேள்விக்கு வர்றேன். தாராளமா வெட்டலாம், ஆனா பெயின்ட்டுக்கு முன்னாடி வெட்டுங்க, அப்புறம் வெட்டினா கீறல் விழறதும் தூள் ஒட்டறதும் நிச்சயம். 120க்கு ஸ்க்ரூ ஓட்டை ஒண்ணுக்கொண்ணு 105 மிமீ தள்ளி, 80க்கு 71.5. ஃபேனையே தகடு மேல வச்சு வரைஞ்சுக்கறது இன்னும் சுலபம். வரையறதுக்கு முன்னாடி உள்ள போர்டும் பவர் சப்ளையும் எங்க வருதுன்னு பாத்துக்கோங்க, பழைய கேஸ்ல பவர் சப்ளை மேல இருக்கும், அதுக்கு நேர் மேல வெட்டினா பிரயோஜனமே இல்ல. என்னைக் கேட்டா மேல வெட்டறதைவிட முன்னாடி கீழ ஒரு 120 காத்தை உள்ள இழுக்கிறதுக்கு வைங்க, பழைய கேஸ்ல முன்பக்கம் காத்து வர வழியே சின்னச் சின்ன பொட்டு ஓட்டைதான், அதுதான் மூச்சு முட்டற இடம். வெட்டின விளிம்பை ஃபைல் போட்டு மழுக்கி, விளிம்பைக் கவ்வற ரப்பர் யு ட்ரிம் மாட்டிடுங்க, கையும் கிழிக்காது, வயரும் அறுபடாது.

வெட்ட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற குட்டி பீப் ஸ்பீக்கரைக் கழட்டி வைங்க. அதுல காந்தம் இருக்கு, இரும்புத் தூள் எல்லாம் அதுல முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிக்கும், அப்புறம் போர்டு மேல அது உதிர்ந்தா ஷார்ட்.

கலர் லைட் போடற ஐடியா இருந்தா போர்டுல அதுக்கு இருக்கிற ஹெடரை (பின் வரிசையை) பாத்து மாட்டுங்க. 3 பின் வர்றது 5 வோல்ட், 4 பின் வர்றது 12 வோல்ட், 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12ல செருகினா உடனே போயிடும்.

பழையபெட்டி:
முன்னாடி கீழ வெட்டறதுதான் சரின்னு இப்ப கேஸைத் திறந்து பாத்தப்ப தெரியுது, ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழட்டினா இடம் தாராளமா இருக்கு. பெயின்ட் அடிச்சு எத்தனை நாள்ல மாட்டலாம்?

உப்புத்தாள்:
தொட்டா ஒட்டாம இருக்கிறது வேற, உள்வரை இறுகறது வேற. எனாமலுக்கு ஒரு வாரமாவது தனித்தனியா நிக்க வச்சு விடுங்க, டோரை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காதீங்க. யாருக்கும் தெரியாத உள்பக்க மூலையில நகத்தை அழுத்திப் பாருங்க, தடம் விழுந்தா இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். மாட்டறதுக்கு முன்னாடி திருப்புளி சொன்ன அந்த பஸ்ஸர் டெஸ்ட்டை பண்ணிடுங்க.