வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் கிணறும் வேப்பமரமும் உள்ள ஒரு பழைய வீட்டை விலை பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கார அம்மா இப்போது மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட நினைக்கும் ஒருவர் எங்களைவிட அதிகம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். எங்களால் இதற்குமேல் ஏற்ற முடியாது, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எல்லாம் கைக்காசுதான். ஆனால் நாங்கள் வீட்டை இடிக்கமாட்டோம், என் மாமியார் இப்போதே மாடியில் வத்தல் காயப்போட இடம் பார்த்துவிட்டார். புரோக்கரிடம் சொன்னால் இதெல்லாம் போய்ச் சேராது, அதனால் அந்தம்மாவுக்கே கையால் எழுதி அனுப்பப் போகிறேன். அதில் பணத்தைப் பற்றிப் பேசலாமா, இல்லை வில்லங்கம் பார்த்தாச்சு, வங்கிக்கடனும் தயார் என்று ஒரு வரி போதுமா? வீடு விற்றவர்கள் யாராவது சொல்லுங்கள், எதைப் படித்திருந்தால் உங்கள் மனசு இளகியிருக்கும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பவேண்டும்.