சிப்பிப்பாறை நாயை அவிழ்த்துவிடலாமா?

கேள்வி (கே.கே. நகர், மதுரை): வண்டியூர் கண்மாய்ப் பக்கம் எங்கள் சிப்பிப்பாறையை நடக்கக் கூட்டிப்போனால் தெருநாய்கள் சூழ்ந்துகொள்கின்றன. அவிழ்த்துவிட்டால் ஓடித் தப்பித்துவிடும்தானே?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. முயல் வேட்டைக்கு வளர்த்த இனம். எது ஓடினாலும் துரத்தும், நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது. ரிங் ரோட்டில் லாரிக்கு நடுவே போய் நிற்கும். தலை ஒடுக்கம் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டையை உருவிக்கொள்ளும், அகலப் பட்டை போடுங்கள். தெருநாய் வந்தால் ஓடாமல், கயிற்றைச் சுருக்கிப் பிடித்து மெதுவாக விலகுங்கள்.

பதில்: அண்ணன் சொன்னது சரி. அப்புறம், கோலம் போட்ட வாசலில் காலைத் தூக்க விடாதீர்கள். கழிவை அள்ளப் பை முக்கியம்.

கேட்டவர்: என் மேல் தெருநாயின் பல் பட்டுவிட்டால்?

பதில்: சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி போடுங்கள்.