காற்று சட்டென்று மாறிய அந்த நிமிடம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கார்முகில்

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். வெயில் தணியாத பிற்பகல், மொட்டைமாடியில் நிற்கிறேன். மேற்கே இடிமேகம் திரண்டிருந்தது, ஆனால் தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். மழை எப்படியும் நாலைந்து கிலோமீட்டர் தள்ளித்தான் பெய்துகொண்டிருந்தது. திடீரென்று காற்று நின்றுபோனது, இலை அசையவில்லை. அடுத்த நொடி நேர் எதிர்த்திசையிலிருந்து ஒரே வீச்சு. ஐஸ் குளிர்! உள்ளங்கால் தரைச்சூட்டில் பொரிகிறது, கைமுடியோ குளிரில் சிலிர்த்து நிற்கிறது. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே நேரத்தில். அதை இன்னும் மறக்க முடியவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மேகத்துக்குக் கீழே இருக்கும் வறண்ட காற்றில் மழைத்துளி விழும்போது ஒரு பகுதி ஆவியாகிவிடும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறக்குறைய 2450 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே விழுந்து, தரையில் மோதி, நாலாபக்கமும் பரவும். மழைக்கு முன்னால் ஓடிவந்து நம்மைத் தொடுவது அதுதான். உங்களுக்கு?

வரப்போரம்

என்னுடையது சத்தமே இல்லாத சமாச்சாரம். குளிர்கால விடியற்காலை, காற்றே இல்லை, இரவு முழுக்க மேகமில்லாத வானம். வெப்பமானியில் 3 டிகிரி. ஆனால் புல்வெளி முழுக்கப் பனி விழுந்து வெள்ளையாக உறைந்திருந்தது. நடுவில் ஒரு பெரிய மரம். அதனடியில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று இருந்தது. கிளைகள் எதுவரை விரிந்திருந்தனவோ அதுவரை பச்சை, அதைத் தாண்டி ஓரடி எடுத்து வைத்தால் வெள்ளை. கோடு போட்டுப் பிரித்த எல்லை. குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். இந்தப் பக்கத்துப் புல் மெத்தென்று ஈரம், அந்தப் பக்கத்துப் புல் விரல்பட்டு முறிந்தது.

தென்றல்மேடு

கார்முகில், ஆவியாதல் மட்டும் காரணமில்லை. விழுகிற மழையின் கனமே காற்றைக் கீழே இழுத்துக்கொண்டு வரும். மேலே ஆலங்கட்டி இருந்தால் அது உருகும்போதும் வெப்பத்தை எடுக்கும். மூன்றும் சேர்ந்துதான் அந்த வீச்சு.

வரப்போரம், 'பனி விழுந்து' என்று எழுதியிருக்கிறீர்கள். உறைபனி மேலிருந்து விழுவதே இல்லை. புல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றில் உள்ள நீராவிதான் அங்கேயே படிகிறது. பனித்துளியும் அப்படித்தான். வில்லியம் வெல்ஸ் என்ற மருத்துவர் இரவுகளில் கம்பளிப் பஞ்சை வெளியே வைத்து, விடிந்ததும் எடைபோட்டுப் பார்த்து, 1814இல் ஒரு கட்டுரையே எழுதினார். பலகைக்கு மேலே வைத்த பஞ்சில் நிறைய ஈரம், பலகைக்கு அடியில் வைத்ததில் கொஞ்சம்தான். வானத்தை நேராகப் பார்க்கும் பொருள் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உங்கள் மரம் செய்தது பலகை செய்த வேலை. இலைகள் புல்லை நோக்கித் திருப்பி அனுப்பிய வெப்பமே போதும், புல் உறைநிலைக்கு மேலே நின்றுகொள்ளும். வெப்பமானி ஆளுயரத்தில் இருந்திருக்கும். புல்நுனி அதைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருப்பது அப்படிப்பட்ட இரவில் சாதாரணம்.

என் அனுபவம் சின்னது. விடிவதற்கு முன் பள்ளத்தாக்கிலிருந்து குன்றேறினேன். ஏற ஏறக் குளிரும் என்று கனமான கம்பளிச்சட்டை போட்டிருந்தேன். பாதி உயரத்தில் வெதுவெதுப்பு, கழற்றிவிட்டேன். கீழே ஒரு புகைபோக்கியின் புகை நேராக எழுந்து, ஓர் உயரத்தில் தட்டையாகி, பக்கவாட்டில் பரவியது. அந்த உயரத்தைத் தாண்டித்தான் நான் வெதுவெதுப்பை உணர்ந்திருக்கிறேன்.

நடைவழி

நாங்கள் இருவர், மரமில்லாத மலைமுகடு. மழை தொடங்கவில்லை. நண்பரின் தலைமுடி மெதுவாக எழுந்து நின்றது. அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் என் கைத்தடியின் உலோக நுனி தேனீக்கூட்டம் போல ரீங்கரிக்க ஆரம்பித்தது. இருவரும் பேசவே இல்லை, இறங்கி ஓடினோம். அந்த ரீங்காரம் இப்போதும் காதில் இருக்கிறது.

கூடாரம்

நானும் ஒருமுறை முகட்டில் இடியில் சிக்கியிருக்கிறேன், அதை விடுங்கள். நடைவழி, நீங்கள் ஓடியது சரி. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முடி எழுந்துவிட்டால் எச்சரிக்கைக்கான நேரம் முடிந்துவிட்டது என்று பொருள், அதுவரை காத்திருக்கவே கூடாது. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று நொடி எடுக்கும். மின்னலைப் பார்த்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள் மேலேயே விழலாம். உடனே கட்டடத்துக்குள் போங்கள். இல்லையென்றால் உலோகக் கூரையுள்ள மூடிய கார். தனி மரத்தடி வேண்டவே வேண்டாம், வேலிக் கம்பி பக்கமும் போகாதீர்கள். கூட்டமாக இருந்தால் ஒருவரையொருவர் விட்டுத் தள்ளி நில்லுங்கள், ஒருவர் அடிபட்டாலும் உதவ மற்றவர் வேண்டும். தரையில் படுக்கக் கூடாது, மின்னோட்டம் தரை வழியாகவும் பரவும். அடிபட்டவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்து நிற்காதீர்கள். உடம்பில் மின்சாரம் தங்காது, மூச்சில்லையென்றால் உடனே முதலுதவி தொடங்குங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும். 'மழைதான் விட்டுவிட்டதே' என்று வெளியே வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரவுப்பணி

எனக்கு நேர்ந்தது இரவில். மலையடிவாரம், பல்லைக் கிட்டும் குளிர், தரையெல்லாம் உறைபனி. நடுராத்திரிக்கு மேல் மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பியது. வெதுவெதுப்பான காற்று! பனி உருகிக் கூரையிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். சூரியன் இல்லாத நேரத்தில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று அப்படியே நின்றுவிட்டேன்.

தென்றல்மேடு

இரவுப்பணி, இறங்கும் காற்று அழுத்தப்பட்டுத் தானாகவே சூடாகும், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி. மலைக்கு அந்தப் பக்கம் ஏறும்போது மேகம் கட்டி மழை பெய்தால், நீராவி விடுகிற வெப்பத்தால் அது அவ்வளவு வேகமாகக் குளிராது, 6 டிகிரி அளவில்தான் குறையும். இரண்டு கிலோமீட்டர் உயர மலை, முதல் அரைக் கிலோமீட்டர் மேகமில்லாமல் ஏறுகிறது என்று வையுங்கள். மேகமில்லாமல் ஏறும்போது 5, மேகத்தோடு 9, ஆக 14 டிகிரி இழந்து 20 டிகிரி பெற்றுக்கொண்டு இறங்கும். சூரியனே தேவையில்லை.

அமெரிக்காவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் 1943 ஜனவரி 22 காலையில் இப்படி இறங்கிய காற்றால் இரண்டே நிமிடத்தில் −20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியது. ஒன்பது மணிக்கு மேல் காற்று நின்றதும் 27 நிமிடத்தில் பழையபடி −20. ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

நடைவழி

கூடாரம், அறிவுரைக்கு நன்றி. ஆனால் நான் கேட்க வந்தது வேறு. அந்த ரீங்காரத்தை வேறு யாராவது கேட்டதுண்டா?

பாய்மரம்

கேட்டிருக்கிறேன், கடலில். அதோடு பார்த்தும் இருக்கிறேன். இரவு, பாய்மரத் தூணின் நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு நீல ஒளி, உஸ்ஸென்று இடைவிடாத சத்தம். கையை நீட்டினால் சூடில்லை. இடிமேகத்துக்கு அடியில் மின்புலம் மிக வலுவாக இருக்கும், கூர்மையான நுனியில் அது இன்னும் பலமடங்காகிக் காற்றையே மின்கடத்தியாக்கிவிடும். காற்றில் மின்னூட்டம் கசிகிற சத்தம்தான் உங்கள் கைத்தடியில் கேட்டதும். நடைவழி, அந்த நேரத்தில் வெளிச்சம் இருந்ததா? இருட்டாக இருந்திருந்தால் உங்கள் தடியின் நுனியிலும் ஒளி தெரிந்திருக்கும்.