பதினாறு வருடம் கழித்து மறுபடியும் தண்ணீரில்

நான் நீச்சல் கற்றது மேலூர் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் அம்மாவின் பழைய நூல் சேலை. அதன் மறுமுனையை அப்பா படியில் நின்று பிடித்துக்கொள்வார். கை கால் அடிக்க வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். ஒருநாள் திரும்பிப் பார்த்தால் சேலை முழுவதும் தண்ணீரில் கிடக்கிறது, அப்பா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். 1994-ல் குற்றாலீஸ்வரன் 12 வயதில் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தபோது, பேப்பரில் வந்த படத்தை வெட்டி மோட்டார் ரூம் கதவில் ஒட்டியதும் அப்பாதான். எனக்கும் கிட்டத்தட்ட அதே வயசு.

கல்லூரிக்காக மதுரை வந்த பிறகுதான் ரேஸ்கோர்ஸ் நீச்சல் குளத்தில் இறங்கினேன். கிணற்றில் வட்டமடித்தே பழகியவளுக்கு நேராக நீந்த வரவில்லை. தலையைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவேன். தலை மேலே போனால் இடுப்பு கீழே இறங்கும், இடுப்பு இறங்கினால் தண்ணீர் பின்னால் இழுக்கும். முகத்தை உள்ளே வைத்தபடி மூச்சை விட்டு, கை வெளியே வரும் நேரத்தில் பக்கவாட்டில் ஒரு வாய்க் காற்று எடுக்கப் பழக ஒரு மாதம் ஆனது. சுவரருகே குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவதற்கு அதைவிட அதிகம். மூக்கில் குளோரின் தண்ணீர் ஏறி, வகுப்பில் பாடம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருப்பேன்.

100 மீட்டர் ஃப்ரீஸ்டைல்தான் என் போட்டி. இரண்டாம் ஆண்டில் கல்லூரிகளுக்கு இடையே தங்கம் வாங்கினேன், அப்புறம் பல்கலைக்கழக அணி. வெளி மாநிலப் போட்டியில் ஹீட்ஸ் என்கிற முதல் சுற்றைத் தாண்டவில்லை. பக்கத்து லேனில் இருந்த பெண் ஐந்து வயதிலிருந்து குளத்தில் வளர்ந்தவள். அவள் திரும்பி வரும்போது நான் இன்னும் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த ஊருக்கு ரயிலில் போனது, அணியின் பெயர் போட்ட டிராக் சூட் உடுத்தியது, இதெல்லாம் இன்றைக்கும் எனக்குப் பெரிய சொத்து.

மூன்றாம் ஆண்டில் வலது தோள் போனது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் உள்ளே ஏதோ உரசும். நீச்சல்காரர்களுக்கு அடிக்கடி வருவதுதான், ஓய்வு கொடுத்தால் ஆறும் என்றார் டாக்டர். இந்த ஒரு போட்டி முடியட்டும் என்றார் பயிற்சியாளர். நான் பயிற்சியாளர் பேச்சைக் கேட்டேன். அதுவே என் கடைசிப் போட்டி. 20 வயதுப் பிள்ளையிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

2004-ல் கல்யாணம், அப்புறம் வேலை, பிள்ளைகள். பதினாறு வருடம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. நாங்கள் படித்த காலத்தில் வண்டியூர் தெப்பக்குளம் காய்ந்து கிடக்கும், பையன்கள் உள்ளே கிரிக்கெட் விளையாடுவார்கள். 1645-ல் திருமலை நாயக்கர் கட்டிய அந்தக் குளம் வைகைத் தண்ணீரால் நிறைந்திருக்கிறது என்று மகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனேன். கல்சுவரில் உட்கார்ந்திருந்தபோது தோள் தானாக அசைந்தது. அடுத்த மாதமே நீச்சல் குளத்தில் சேர்ந்தேன், மெதுவாகத்தான். பிறகு பெண்களுக்குக் கற்றுத் தரவும் ஆரம்பித்தேன்.

அங்கே வந்தவர்தான் அந்த அக்கா. 54 வயசு. கண்மாயில் துணி துவைக்கப் போன தங்கை வழுக்கி விழுந்தபோது கரையில் நின்று கத்த மட்டுமே முடிந்ததாம். மூன்று வாரமாகியும் கம்பியை விட்டுக் கையை எடுக்கவில்லை. பிடித்து மிதக்கும் கிக் போர்டு பலகை கொடுத்தேன், தாங்கிப் பிடித்தேன், எதற்கும் அசையவில்லை. "ஊர்க் கிணறுன்னா இறங்குவீங்களாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "சேலை கட்டிப் பிடிப்பாங்களே, அப்படின்னா இறங்குறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிணற்றுக்குக் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு 74, படியில் கால் ஊன்றி நின்றார். அக்கா கழுத்தளவு இறங்கி, ஒரு கையால் படிக்கல்லைப் பிடித்தபடி முகத்தை உள்ளே வைத்து மூச்சை விட்டார். குமிழ் குமிழாக மேலே வந்தது. எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "விட்றாதீங்கண்ணே" என்றார்.

"பிடிச்சிருக்கேன்த்தா, நீ பாட்டுக்குச் செய்யி."

மறுபடியும் முகத்தை வைத்தார். மூன்றாவது முறை கல்லிலிருந்து கை எடுத்துவிட்டது, எண்ணினால் நாலு நொடி இருக்கும். அப்பா அன்றைக்குச் சேலையை ஒரு முழம்கூடத் தளர்த்தவில்லை. ஏறி வந்து தலையைத் துவட்டும்போது அக்கா கேட்டார்: "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரலாமாண்ணே?"